இரவல் வரையறை

மாலை 5.45க்கு இன்பராணிக்கு இரண்டு செய்திகள் வந்தன.

முதல் செய்தியை வார்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். அவளுடைய மனு ஏற்கப்பட்டது. கருணை அடிப்படையில் பஸ் டிப்போவில் இளநிலை உதவியாளர் வேலை. இரண்டு நர்சுகள் கை தட்டினார்கள். ஒருத்தி, "பிரியாணி எப்போ?" என்றாள்.

இரண்டாவது செய்தியை மனதுக்குள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு போனை நர்ஸிடம் நீட்டினாள்.

"செபஸ்தியான், வயது 51, படுக்கை எண் 6. உயிர்காப்புச் சட்டம், பிரிவு 2, உட்பிரிவு (ஈ)-யின்படி இன்று மாலை 5.45 முதல் இறந்தவர். கருவிகள் வெள்ளிக்கிழமை மாலை 5.45க்குள் நிறுத்தப்படும். வரைவு அலுவலர்: உமையாள் நாகப்பன், சட்டத் தொகுப்பு அலுவலகம், திருச்சி."

அன்று புதன்கிழமை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறாம் எண் படுக்கையில் அவளுடைய அப்பாவின் மார்பு ஏறி இறங்கியது.

*

மறுநாள் காலை உமையாள் அலுவலகத்துக்கு வந்தபோது, அவளுடைய அறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். தலை வாரியிருக்கவில்லை. கையில் மருத்துவமனைப் பார்வையாளர் அட்டை.

"நீங்கதான் உமையாள் மேடமா?"

"ஆமா. என்ன விஷயம்?"

"எங்கப்பா செத்துட்டாருன்னு உங்க பேர்ல வந்திருக்கு."

உமையாள் போனை வாங்கிப் படித்தாள். உட்பிரிவு எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வரி முழுக்க நினைவு வந்தது. அவள் எழுதிய வரி. அதில் நாட்கணக்கு எதுவும் கிடையாது. ஒருவர் எப்போது இறக்கிறார் என்பதே அதில் கிடையாது.

"உக்காரும்மா" என்றாள். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"கண்டக்டர் மேடம். மணப்பாறை ரூட்டு. போன வருஷம் ஓடற பஸ்சுல படியிலேர்ந்து விழுந்துட்டாரு. அப்பலேர்ந்து நினைவில்ல. குழாய் வழியாத்தான் மூச்சு. நானூத்தி மூணு நாளாச்சு."

"வேலைக்கு மனு போட்டது நீதானா?"

"வேலையிலிருக்கும்போது செத்தாத்தான் வாரிசுக்கு வேலைன்னு டிப்போவுல சொல்லிட்டாங்க. எங்களுக்கு வேற வருமானம் இல்ல. வக்கீலு, இதுவும் சாவு மாதிரித்தானேன்னு கேஸ் போடுவோம்னாரு. போட்டோம். ஜெயிச்சிட்டோம்."

ஜெயிச்சிட்டோம் என்று சொல்லும்போது அவள் வாய் கோணியது.

உமையாள் மேசை மணியை அழுத்தினாள். பிரிவு அலுவலர் ஜமாலுதீன் வந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. சட்டங்களைத் தானாகவே இணைத்துத் திருத்தும் கணினியான தொகுப்பியை அந்த அலுவலகத்தில் அவரளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. அவர் நேற்றைய மாற்றங்களைத் திரையில் வரவழைத்தார். இருநூற்றுப் பதினாறு மாற்றங்கள். அவை அன்றே நடைமுறைக்கு வந்துவிடும்; உமையாள் பிறகு பார்த்து ஒப்பமிடப் பத்து நாள் அவகாசம் உண்டு. பெரும்பாலும் பத்தாம் நாள்தான் பார்ப்பாள்.

நாற்பத்து ஏழாவது மாற்றத்தில் ஜமாலுதீன் நிறுத்தினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ஜமால்?"

"இரவல் மேடம்."

"என்ன இரவலு?" என்றாள் இன்பராணி.

ஜமாலுதீன் உமையாளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"உங்க கேஸ்ல ஜட்ஜ் நல்ல மனசோட தீர்ப்பு எழுதியிருக்கார்மா. அரசுப் பணியாளர் நலச் சட்டத்துல 'இறந்தவர்'னு ஒரு சொல் இருக்கு. நானூறு நாளுக்கு மேல நினைவில்லாம, பிழைக்க வழியில்லாம இருக்கறவரையும் அதுல சேர்த்துக்கணும்னு சொல்லிட்டார்."

"நானூறுன்னு எப்படி வந்துச்சு?"

"உங்கப்பாவுக்கு நேத்தோட நானூத்தி ரெண்டு. உனக்கு வேலை கிடைக்கிற மாதிரி ஒரு எண்ணைப் போட்டிருக்கார்."

"சரி. அது வேலை சட்டம். ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்துச்சு?"

ஜமாலுதீன் கண்ணாடியைத் துடைத்தார். உமையாள்தான் சொன்னாள்.

"உயிர்காப்புச் சட்டத்தை எழுதினது நான். பதினோரு வருஷம் முன்னாடி. இறந்தவருக்குக் கருவி வைக்கக் கூடாதுன்னு சட்டம். இறந்தவர்னா யாருன்னு எழுதணும். டாக்டருங்க சண்டை போட்டுக்கிட்டாங்க. மூளைச்சாவைச் சாவுன்னு வெளிப்படையா எழுத மந்திரிக்கும் இஷ்டமில்ல. ரெண்டு நாள்ல வரைவு வேணும்னாங்க. பணியாளர் சட்டத்துல மூளைச்சாவையும் சேர்த்து ஒரு வரையறை ஏற்கெனவே இருந்தது. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்ல. அதனால, 'இறந்தவர் என்னும் சொல் அந்தச் சட்டத்தில் கொண்ட பொருளையே இதிலும் கொள்ளும்'னு எழுதிட்டேன்."

"ஒரு வரி."

"ஒரு வரி. நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். வேற சட்டத்துலேர்ந்து இரவல் வாங்கிக்குவோம்."

"அங்க மாறினா இங்கயும் மாறும்" என்றார் ஜமாலுதீன். "முன்னெல்லாம் யாராவது கவனிச்சு, கேஸ் போட்டு, இங்க வந்து சேர முப்பது வருஷம் ஆகும். அதுக்குள்ள நாங்க ரிட்டயர் ஆயிடுவோம். இப்ப தொகுப்பி வந்து ஆறு வருஷமாச்சு. காலையில தீர்ப்பு, சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு அது எல்லாச் சட்டத்துலயும் ஏறிடும். வேகம் வேணும்னு நாமதானே கேட்டோம்?"

அவர் சிரிக்க முயன்றார். இன்பராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"தீர்ப்போட கடைசி வரியில, இதை வேற எதுக்கும் முன்னுதாரணமா எடுத்துக்கக் கூடாதுன்னு ஜட்ஜ் போட்டிருக்கார்" என்றாள் உமையாள், திரையைப் பார்த்தபடி.

"இரக்கப்பட்டு எழுதற எல்லாத் தீர்ப்புலயும் அந்த வரியைப் போடறாங்க மேடம். ஒரு வழக்கமாவே போடறாங்க. கடிதத்துக்குக் கீழே 'இப்படிக்கு'ன்னு போடற மாதிரி. முதல் வருஷத்துலயே தொகுப்பி அதைத் தள்ளிட்டுப் படிக்கக் கத்துக்கிச்சு."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டேன்" என்றாள் இன்பராணி. "மிஷின் தர மாட்டாங்களாம். பொணத்துக்கு எதுக்கும்மா மிஷினுன்னு ஆபீசுல கேக்குறாங்க."

"மாநிலம் முழுக்க எத்தனை பேர் ஜமால்?"

"முப்பத்தொரு பேர்."

உமையாள் போனை எடுத்துச் சட்டத் துறைச் செயலாளரை அழைத்தாள்.

*

செயலாளர் டெல்லியில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். இடைவேளையில் போனை எடுத்தார்.

"பதறாதீங்க உமையாள். ஒரு நோட் போட்டு வைங்க. மார்ச்சுல சட்டசபை கூடும்போது திருத்தம் கொண்டு வந்துரலாம்."

"நாளைக்குச் சாயங்காலம் முப்பத்தொரு பேர் சார்."

"அதான் சொல்றேன். நோட் போட்டு வைங்க."

"அவசரச் சட்டம்?"

"புதுச் சட்டம்னா தொகுப்பி சரிபார்க்க ஒன்பது நாளாகும். உங்களுக்குத் தெரியாததா?"

தேநீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரோ அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர் வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு உமையாள் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்பராணியின் வக்கீல் அவசரம் என்று எழுந்து சொன்னார். நீதிபதி ரங்கபாஷ்யம் ஒல்லியான மனிதர். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

"நான் வேலையைப் பத்தித்தானே சொன்னேன்?"

"ஆமாம் மை லார்ட்."

"முன்னுதாரணமா எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே."

அரசு வக்கீல் எழுந்தார். விவரம் கேட்டுச் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்றார். எல்லா வழக்கிலும் சொல்வதைத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்தார்.

இன்பராணி பின்னாலிருந்து எழுந்தாள். "சார், எனக்கு வேலை வேணாம் சார். தீர்ப்பைத் திருப்பி எடுத்துக்கங்க."

வக்கீல் அவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நீதிபதி அவரைத் தடுத்தார்.

"எடுத்துக்க முடிஞ்சா இப்பவே எடுத்துக்குவேன்மா. தொகுப்பி ஏத்துக்கிட்டப்புறம் அது என் தீர்ப்பு இல்ல. சட்டம். அதை நிறுத்தி வைக்க மூணு நீதிபதி உக்காரணும்." பெஞ்ச் கிளார்க்கிடம் குனிந்து கேட்டார். "திங்கட்கிழமை காலை பதினோரு மணி. முதல் கேஸா எடுக்கச் சொல்றேன்."

"நாளைக்குச் சாயங்காலம் சார்."

"தெரியும்மா."

அவர் அடுத்த வழக்கைக் கூப்பிடவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். மணி பன்னிரண்டேகால்தான் ஆகியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் இன்பராணி உமையாளின் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு விசில் சத்தம் கேட்டா கண்ணு அசையும். எப்பவும் இல்ல. சில நாள். நான் பார்த்திருக்கேன். டாக்டரு அது தன்னால நடக்கறது, அதுக்கு அர்த்தம் இல்லங்கறாரு."

"மனுவுல அதை எழுதினீங்களா?"

"வக்கீலு வேணாம்னாரு. எந்த உணர்வும் இல்லன்னு எழுதினாத்தான் கேஸ் நிக்கும்னாரு. நான் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் மேடம். படிக்காமப் போடல."

உமையாளால் அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை.

*

நாலு மணிக்கு ஜமாலுதீன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உமையாள் முன்னால் உட்காருவதில்லை.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொல்லுங்க."

"பிழைத்திருத்தம்."

உமையாளுக்கு அது காலையிலேயே நினைவுக்கு வந்திருந்தது. வேண்டுமென்றே அதை நினைக்காமல் இருந்தாள்.

ஒரு சட்டத்தில் அச்சுப் பிழையோ கவனப் பிழையோ இருந்தால், அதை எழுதிய அலுவலர் ஓய்வு பெறும்வரை தன் கையெழுத்தில் நீக்கலாம். சட்டசபை வேண்டாம். நீதிமன்றம் வேண்டாம். தொகுப்பி அதைச் சரிபார்ப்பதும் இல்லை. வரி இருந்ததே தவறு என்று எழுதியவரே சொன்ன பிறகு சரிபார்க்க ஒன்றும் இல்லை. மனிதர்களுக்கென்று மிச்சம் வைத்திருந்த சின்ன அதிகாரம் அது. கமாவை நீக்கவும் ஊர்ப் பெயரைத் திருத்தவும் பயன்படும்.

"அந்த இரவல் வரியைப் பிழைன்னு எடுத்துட்டா, சட்டத்துல இறந்தவருக்கு வரையறையே இல்லாமப் போயிடும்" என்றார். "அப்ப சாதாரண அர்த்தம்தான். இதயம் நின்னாத்தான் சாவு. முப்பத்தொரு பேரும் தப்பிச்சாங்க."

"நாளையிலேர்ந்து மட்டும் எடுக்க முடியாதா?"

"நாளையிலேர்ந்துன்னா அது திருத்தம். அதுக்குச் சட்டசபை வேணும். பிழைன்னா முதல் நாள்லேர்ந்தே பிழைதான் மேடம். அந்த வரி எப்பவுமே இருந்ததில்லன்னு ஆயிடும்."

"பதினோரு வருஷமா?"

"பதினோரு வருஷமா."

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

"மூளைச்சாவுன்னு சொல்லி எத்தனை பேருக்குக் கருவிய நிறுத்தியிருக்காங்க?"

"ஒன்பதாயிரத்து இருநூத்திப் பதினாலு. எல்லாருக்கும் இதயம் ஓடிக்கிட்டுதான் இருந்தது. அந்த வரி இருக்கப்போய்த்தான் அவங்க செத்தவங்க. வரி இல்லன்னா..."

"கேஸ் போடுவாங்களா?"

"கொலைன்னு வராது. அதுக்கு எண்ணம் வேணும். கேஸ் போடறதா இல்லையான்னு அரசாங்கம்தான் முடிவு பண்ணணும், போடாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பிறப்பு இறப்புப் பதிவேடும் தொகுப்பியோட சேர்ந்தது. அது அரசாங்கத்தைக் கேக்காது. ஒன்பதாயிரம் சான்றிதழையும் மாத்தி எழுதி வீட்டுக்கு அனுப்பிடும். இறந்த நேரம், கருவிய நிறுத்தின நேரம். காரணம், கருவிய நிறுத்தினது. சம்மதிச்சவர், இன்னார்."

"கையெழுத்துப் போட்டவங்க பேரோட."

"ஆமா." அவர் தன் கைகளைப் பார்த்தார். "உங்க வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன் மேடம்."

*

உமையாளின் கணவன் நாகப்பன் நாலு வருடத்துக்கு முன் பழைய பால்பண்ணைப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தான். இரண்டாம் நாள் டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். நாகப்பனின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஒருநாள் தாடி வளர்ந்திருந்தது.

"மூச்சு இருக்கே டாக்டர்?"

"அது மிஷினோட மூச்சு மேடம். சட்டப்படி நேத்து ராத்திரியே போயிட்டார். அந்தச் சட்டமே உங்க கையால வந்ததுதானே?"

அப்போது அது ஆறுதலாக இருந்தது. முடிவை அவள் எடுக்கவில்லை. ஏற்கெனவே முடிந்ததற்குக் கையெழுத்துப் போடுகிறாள். அவ்வளவுதான்.

மகன் சாத்தப்பனுக்கு அப்போது பதினேழு வயது. வீட்டு வழக்கப்படி அம்மாவை ஆத்தா என்பான், அப்பாவை அப்பச்சி. அவன் படுக்கையின் கால்மாட்டில் நின்றிருந்தான். "ஆத்தா, கால் சூடா இருக்கு" என்றான். அவள் அவனை வெளியே கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து, நிதானமாக விளக்கினாள். பிரிவு எண்ணைக்கூடச் சொன்னாள். அப்பச்சி நேற்றே போய்விட்டார். இது வெறும் உடம்பு. அவன் கேட்டுக்கொண்டான். பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. இப்போது கோயம்புத்தூரில் சட்டம் படிக்கிறான்.

ஜமாலுதீன் எழுந்தார்.

"யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க மேடம். இப்படி ஒரு வழி இருக்குன்னு செயலாளருக்கே ஞாபகம் இருக்காது. எனக்கும் மறந்துடும்."

"நீங்க என்ன செய்வீங்க ஜமால்?"

"நான் சட்டம் எதுவும் எழுதினதில்ல. அல்லா காப்பாத்தினான்."

*

வெள்ளிக்கிழமை காலை அவள் மருத்துவமனைக்குப் போனாள்.

செபஸ்தியான் பெரிய உடம்புக்காரராக இருந்திருக்க வேண்டும். தோள் எலும்புகள் அகலமாக இருந்தன. சதை போயிருந்தது. முகம் மழித்து, நெற்றியில் யாரோ எண்ணெயால் சிலுவை வரைந்திருந்தார்கள். இன்பராணி அவர் காதருகே குனிந்து, நாக்கை மடித்து, மெதுவாக விசில் அடித்தாள். பஸ்ஸை நிறுத்தும் ஒற்றை விசில். பிறகு இரட்டை விசில்.

உமையாள் அவர் இமைகளையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இமைகள் அசையவில்லை.

"இன்னிக்கு இல்ல" என்றாள் இன்பராணி. "நேத்தும் இல்ல. போன ஞாயித்துக்கிழமை அசைஞ்சுது மேடம். சத்தியமா."

"நம்பறேன்."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. அந்த இமைகள் அசைந்திருந்தால் எல்லாம் எளிதாக இருந்திருக்கும். அசையவே அசையாது என்று யாராவது உறுதியாகச் சொல்லியிருந்தாலும் எளிதாக இருந்திருக்கும்.

நடைபாதையில் வார்டு டாக்டர் அவளிடம் வந்தான். சின்னப் பையனாகத் தெரிந்தான். முப்பது இருக்காது. சட்டைப் பையில் அவள் பெயர் போட்ட அறிவிப்பை மடித்து வைத்திருந்தான்.

"தன்னால நிக்காது மேடம். நான்தான் நிறுத்தணும். நிறுத்தலன்னா என் லைசென்ஸ் போயிடும். டியூட்டி மாத்திக்கலாம்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் லீவு போட்டுட்டாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது? அவர் இருக்காரா?"

"எனக்குத் தெரியல." அவன் சுவரைப் பார்த்தான். "அது தெரியாதுங்கறதாலதானே மேடம் சட்டம் வேணும்னு கேட்டோம்? நீங்க எழுதிக் குடுத்தீங்க. நாங்க தைரியமா நிறுத்தினோம். நானே பதினெட்டுப் பேருக்கு நிறுத்தியிருக்கேன்."

பதினெட்டு என்று சொன்ன பிறகு அவன் ஏதோ எதிர்பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் நடந்துவிட்டாள்.

*

மூன்றரை மணிக்குச் சாத்தப்பனைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பான். அவளுக்கு நெஞ்சு இலேசானது. அந்த இலேசு அவளைப் பயமுறுத்தியது.

படிவம் ஒரே பக்கம்தான். சட்டத்தின் பெயர். பிரிவு. நீக்கப்பட வேண்டிய சொற்கள். அவற்றை நிரப்ப இரண்டு நிமிடம் ஆனது. கீழே ஒரே ஒரு கேள்வி.

"இவ்வரி தங்கள் முழுக் கவனத்துடன் சேர்க்கப்பட்டதா?"

அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்தாள். வரைவு கேட்டு மந்திரி அலுவலகத்திலிருந்து மூன்று தடவை போன் வந்தது. சாத்தப்பனுக்குப் பள்ளி ஆண்டு விழா. அவள் பழைய சட்டத்திலிருந்து வரியை எடுத்து ஒட்டினாள். சட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினாள். இறப்பு என்றால் என்ன என்று ஒரு நிமிடம்கூட அவள் யோசிக்கவில்லை. அந்த வரியை நம்பித்தான் பிறகு தன் கணவனுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். தேவைப்படவில்லை.

"இல்லை" என்பதைத் தொட்டாள். விரல் ரேகை கேட்டது. வைத்தாள். விரல் வியர்த்திருந்ததால் முதல் தடவை ஏற்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

மணி 4.20.

ஜமாலுதீன் கதவோரம் நின்றிருந்தார். வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைக் குடிக்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு இன்பராணி கூப்பிட்டாள். "டாக்டரு உள்ள வந்துட்டாரு மேடம். கையில கிளவுஸ் போட்டிருக்காரு."

"அஞ்சே முக்கால் வரைக்கும் நேரம் இருக்கு. போனை அவர்கிட்ட குடு."

போன் கை மாறியது. ஓர் ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"தம்பி, பதினஞ்சு நிமிஷம் எதையும் தொடாதீங்க. உங்களுக்கு ஒரு செய்தி வரும்."

"என்ன செய்தி மேடம்?"

அந்தப் பதினெட்டுப் பேரை அவள் நினைத்தாள். "வரும். பாருங்க" என்றாள்.

5.45க்கு அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. திறக்கவில்லை. அடுத்த நிமிடமே இன்பராணி மறுபடி அழைத்தாள். அழுகையில் சொற்கள் கலைந்து வந்தன.

"மேடம், அப்பா உயிரோட இருக்காராம். செய்தி வந்திருச்சு. எல்லாரும் பார்த்தாச்சு. கர்த்தர் உங்களை நல்லா வைப்பாரு மேடம்."

"வேலையும் உனக்கு உண்டும்மா. அந்தத் தீர்ப்பு அங்க அப்படியேதான் இருக்கு."

"அப்ப அப்பா..."

"வேலைக்கு இறந்தவர். ஆஸ்பத்திரிக்கு உயிரோட இருக்கறவர்."

அவள் சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேடம், டாக்டரு தரையில உக்காந்துட்டாரு. போனைப் பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. கூப்பிட்டாப் பேச மாட்டேங்கறாரு. அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

போனை வைத்தாள். பக்கத்து அறையில் யாரோ, "என்னது இது?" என்றார்கள். ஒரு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. மாடியில் ஒரு போன் அடித்தது. இன்னொன்று. சாலையில் ஒரு கார் நடுவில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பிறகு அவர்களில் சிலரும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜமாலுதீன் ஜன்னலை மூடினார்.

சாத்தப்பன் 5.52க்கு அழைத்தான். அவள் மூன்று முறை மணி அடிக்கவிட்டாள். பிறகு எடுத்தாள்.

"ஆத்தா."

"சொல்லுப்பா."

"கூப்பிட்டிருந்தீக. கிளாஸ்ல இருந்தேன்."

"ஆமா. சும்மாத்தான்."

பின்னால் ஹாஸ்டல் சத்தம் கேட்டது. அவன் எங்கோ நடந்து போனான். ஒரு கதவு சாத்தப்பட்டது. சத்தம் நின்றது.

"எனக்கு ஒரு செய்தி வந்திருக்கு. அப்பச்சி சான்றிதழை மாத்தி அனுப்பியிருக்காங்க. தேதி வேற. நீங்க அன்னிக்கு, முந்தின நாளே போயிட்டாகன்னு சொன்னீக. இதுல மறுநாள் காலை பதினொண்ணு பத்துன்னு இருக்கு. நாம பெஞ்சுல உக்காந்து பேசினது ஒன்பது மணிக்கு."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"கீழே சம்மதிச்சவர்னு உங்க பேர் போட்டிருக்கு. தப்பா வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன். தப்புதானே?"

"சாத்தப்பா..."

"ஆத்தா, நீங்க கையெழுத்துப் போட்டப்ப அப்பச்சி உயிரோட இருந்தாகளா?"